மார்பகக் கட்டியிலிருந்து உயிருள்ள செல் எடுப்பது: 4 திசு வீணாகிவிட்டது, எங்கே தவறு?

கோபிக்காரி (கேள்வி)

வணக்கமுங்க. கோயம்புத்தூரில் பிஎச்.டி. இரண்டாம் வருடம் படிக்கிறேன். மார்பகப் புற்றுக் கட்டியிலிருந்து உயிருள்ள செல்களைப் பிரித்து பிளாஸ்கில் வளர்ப்பதுதான் என் முதல் வேலை. அது நடந்தால்தான் மருந்துச் சோதனை, மற்றதெல்லாம். எங்கள் லேபில் இதுவரை எல்லோரும் புனே என்.சி.சி.எஸ். செல் வங்கியில் வாங்கிய எம்.சி.எஃப்-7, ஹீலா என்ற, லேபில் ஓயாமல் பெருகும் செல் வரிசைகளை வளர்த்துப் பழகியவர்கள். நேரடியாகத் திசுவில் கை வைத்த முதல் ஆள் நான். அதனால் பக்கத்தில் கேட்க ஆளில்லை.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கிறது. நோயாளிகளுக்குத் தமிழில் படிவத்தைப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குகிறோம்.

நான் செய்தது இது. ஆபரேஷன் முடிந்ததும் ஓ.டி. நர்ஸ் ஒரு மூத்திர டப்பாவில் சலைன் ஊற்றித் திசுவைப் போட்டுத் தருவார். ஸ்கூட்டி டிக்கியில் வைத்துக்கொண்டு வருவேன். ஆஸ்பத்திரி அவிநாசி ரோடு பக்கம், எங்கள் லேப் ஊருக்கு மேற்கே. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் 3 மணி நேரம் ஆகிவிடும். பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கழுவி, கத்தரியால் நறுக்கி, திசு நாரைக் கரைக்கும் கொலாஜினேஸ் என்சைமில் போடுவேன். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது என்று பிபிஎஸ்-ஈடிடிஏவில்தான் கொலாஜினேஸைக் கரைத்தேன். 37 டிகிரியில் 1 மணி நேரம். துண்டுகள் அப்படியே கிடந்தன. பிறகு 0.25 சதவீத டிரிப்சின் (புரதத்தை வெட்டும் என்சைம்) 40 நிமிடம், நடுநடுவே வோர்டெக்ஸ் மெஷினில் வேகமாகக் குலுக்கல். 40 மைக்ரான் வலையில் வடிகட்டி, 3000 ஆர்.பி.எம். சுற்றி எடுத்தேன்.

முதல் 3 திசுவிலும் வந்தது கொழகொழவென்று ஒரு சளி மாதிரி. செத்த செல்லை நீலமாக்கும் டிரைபான் புளூ சாயம் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நீலம். மறுநாள் பிளாஸ்கில் எல்லாம் மிதந்தது. நான்காவதில் வெறுத்துப்போய், வடிகட்டாமல் துண்டுகளோடு பிளாஸ்கில் விட்டுவிட்டேன். அது பிடித்துக்கொண்டது! 3 வாரத்தில் பிளாஸ்க் நிறைந்துவிட்டது. ஓ.டி. நர்ஸக்காவுக்குக்கூட போன் செய்து சொன்னேன். நேற்று கைடு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "இது பைப்ரோபிளாஸ்ட்டும்மா, நாரை உண்டாக்கும் செல், கட்டி செல் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்னொன்று. நான்காவது திசு கொடுத்த அம்மா கையெழுத்துப் போடும்போது, "ஏனம்மணி, என்னை விட்டு அறுத்தெடுத்தது அங்க வந்து எதுக்கு உசுரோட இருக்கோணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதற்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

---

செல்ராஜா

டிரிப்சின் போதவில்லை போல. 0.5 சதவீதம் வைத்து 1 மணி நேரம் விட்டுப் பாருங்கள். எனக்கு எலிக் கட்டியில் அப்படித்தான் வந்தது.

---

பெருந்துறையான்

மேலே சொன்ன தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்மணி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

22 வருடம் இதே வேலை செய்தவன் நான், பெங்களூரிலும் அப்புறம் இந்தப் பக்கமும். இப்போது தென்னந்தோப்பும் நாலு மாடும்தான். உங்கள் கேள்வியைப் படித்ததும் கை குறுகுறுத்துவிட்டது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் 3 திசு ஏன் செத்தது என்பது நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. கொலாஜினேஸை ஈடிடிஏவில் கரைத்தேன் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கொலாஜினேஸ் வேலை செய்யக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏவின் தொழிலே கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது. மாட்டின் காலைக் கட்டிவிட்டு ஏர் பூட்டினால் உழவு எப்படி நடக்கும்? துண்டுகள் அப்படியே கிடந்ததில் ஆச்சரியமே இல்லை. கொலாஜினேஸை டிஎம்இஎம் மாதிரி சாதாரண மீடியத்தில் (செல் வளர்க்கும் சத்துக் கரைசல்) கரையுங்கள், அல்லது கால்சியம் மக்னீசியம் உள்ள ஹேங்க்ஸ் கரைசலில் கரையுங்கள். ஹேங்க்ஸ் இரண்டு விதமாகவும் விற்கிறார்கள், பாட்டில் மேல் இருப்பதைப் படித்து வாங்குங்கள்.

அது செரிக்கவில்லை என்ற கோபத்தில் டிரிப்சினைக் கொட்டியிருக்கிறீர்கள். டிரிப்சின், பிளாஸ்கில் ஒட்டி வளரும் செல்லை நாலைந்து நிமிடத்தில் எழுப்புவதற்கு நல்ல பொருள். ஆனால் கட்டியைக் கட்டியாக நிறுத்தி வைத்திருப்பது கொலாஜன். முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும் அந்தக் கொலாஜனில் டிரிப்சினுக்குப் பல் இறங்காது. வாய்க்கு எட்டியதைக் கடிக்கும், அதாவது செல்லின் மேல்தோலில் இருக்கும் புரதங்களை. 40 நிமிடம் அதில் ஊறி, வோர்டெக்ஸிலும் குலுங்கிய செல் வேறு என்ன செய்யும்?

அந்தச் சளி, செத்த செல்கள் வெடித்து வெளியே விட்ட டி.என்.ஏ. சோற்றுக்கற்றாழையைக் கிழித்தால் வருமே, அதேதான். உயிரோடு இருக்கும் செல்லும் அதில் சிக்கிக்கொண்டு கட்டி கட்டியாகத் திரளும். டி.என்.ஏ.வை வெட்டும் டிஎன்ஏஸ்-1 என்சைம் கொஞ்சம் சேர்த்தால் சரியாகிவிடும். அதற்கும் மக்னீசியம் வேண்டும், ஆகவே அங்கேயும் ஈடிடிஏ ஆகாது. ஆனால் சளி வந்தால் டிஎன்ஏஸ் வாங்குவதற்கு முன்னால், எந்தப் படியில் இவ்வளவு செல்லைக் கொன்றோம் என்று யோசியுங்கள்.

இப்போது முக்கியமான சங்கதி. 40 மைக்ரான் வலையில் வடிகட்டினேன் என்கிறீர்கள். வலைக்கு மேல் நின்றதை என்ன செய்தீர்கள்? குப்பையில் போட்டிருப்பீர்கள். நீங்கள் தேடியது அதில்தான் இருந்திருக்கும்.

மார்பகக் கட்டியின் எப்பிதீலியல் செல்கள், அதாவது பால்குழாயின் உள்சுவரிலிருந்து வந்த புற்றுச் செல்கள், தனியாக வாழப் பிறந்தவை அல்ல. பத்து, ஐம்பது என்று கொத்தாகத்தான் இருக்கும். கொலாஜினேஸ் சுற்றியிருக்கும் நாரைத்தான் கரைக்கும், கொத்தைக் கலைக்காது. அந்தக் கொத்தோடு எடுத்து விதைத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொன்றாகப் பிரித்தால் பாதி மறுநாளே போய்விடும். ஒற்றைச் செல் வேண்டும் என்பது செல்லை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டுகிறவர்களின் தேவை. வளர்க்கப் போகிற உங்களுக்கு அது எதற்கு? பேப்பர்களைப் படித்து எல்லோரும் ஒற்றைச் செல், ஒற்றைச் செல் என்று அலைகிறார்கள். நானும் ஆரம்பத்தில் 2 வருடம் அப்படித்தான் அலைந்தேன்.

நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். கத்தரி வேண்டாம், நசுக்கும். இரண்டு சர்ஜிக்கல் பிளேடைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்து, பெட்ரி டிஷ்ஷில் சில சொட்டு மீடியத்தோடு அறுங்கள். காய விடக் கூடாது. மஞ்சளாக இருப்பது கொழுப்பு, கருகியிருப்பது ஓ.டி.யில் கரண்ட் கத்தி பட்ட இடம், பாலாடைக்கட்டி மாதிரி உதிர்வது ஏற்கெனவே செத்த நடுப்பகுதி. மூன்றையும் முதலிலேயே ஒதுக்குங்கள். மிச்சத்தை ராகி அளவுக்கு நறுக்குங்கள். கம்பு அளவு என்றால் பெரிது. அவசரம் என்றால் மி.லி.க்கு 1 மி.கி. கொலாஜினேஸ், 37 டிகிரி, மெதுவான ஆட்டத்தில் 1 முதல் 2 மணி நேரம். கட்டி கல் மாதிரி கெட்டியாக இருந்தால் அதைவிடக் குறைத்து, ஹயலூரானிடேஸ் என்ற இன்னொரு என்சைமும் சேர்த்து ராத்திரி முழுக்க விடுவேன். நமக்கும் பொழுதோடு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன நேரம் கிடைக்கும்.

கொலாஜினேஸ் என்பது குளோஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுப்பது. பாட்டிலில் பெயர் ஒன்றாக இருந்தாலும் லாட்டுக்கு லாட் வீரியம் மாறும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டைக்கு மூட்டை குத்திப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு லாட்டையும் சோதித்து எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு லாட்டில் 2 மணி நேரம் ஆனது அடுத்ததில் 1 மணி நேரத்தில் முடிந்து, கொத்தே கரைந்து போன அனுபவம் எனக்கு உண்டு.

செரித்ததும் முதலில் 100 மைக்ரான் வலை. கரையாத நாரும் கொழுப்பும் அதில் நிற்கும். கீழே வந்ததை 40-இல் ஊற்றுங்கள். கொத்து மேலே நிற்கும், ரத்தச் செல்லும் பைப்ரோபிளாஸ்ட்டில் பெரும்பகுதியும் கீழே போய்விடும். வலையைக் கவிழ்த்து மீடியம் ஊற்றிக் கொத்துகளை எடுங்கள். வலை இல்லாத காலத்தில் குழாயை 5 நிமிடம் சும்மா நிறுத்தி வைப்போம். கொத்து கனம், அடியில் இறங்கும். மேலே இருப்பதை உறிஞ்சிவிட்டு, மறுபடி மீடியம் ஊற்றி இரண்டு மூன்று தடவை அப்படியே. காசு செலவில்லாத முறை.

சென்ட்ரிபியூஜ் கணக்கை ஆர்.பி.எம்.மில் சொல்லாதீர்கள், ஜி-யில் (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்று) சொல்லுங்கள். 10 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் 1500 என்றால் சுமார் 250 ஜி. நீங்கள் வைத்த 3000 என்பது 1000 ஜி. சுற்று இரட்டித்தால் விசை நாலு மடங்காகும். இந்தச் செல்லுக்கு 300 ஜி, 5 நிமிடம் போதும். டிரைபான் புளூவையும் கலந்த சில நிமிடத்தில் எண்ணி முடித்துவிடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து எண்ணினால் உயிருள்ளதும் நீலம் குடித்திருக்கும்.

நான்காவது பிளாஸ்கைப் பற்றி: துண்டிலிருந்து முதலில் நடந்து வெளியே வருவது பைப்ரோபிளாஸ்ட்தான். நீங்கள் 10 சதவீத சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) போட்டிருப்பீர்கள், அதற்கு அது விருந்து. சென்னிமலைத் தறியில் பாவு ஓட்டிய மாதிரி நீள நீளமாக, ஒரே திசையில் ஓடியிருந்தால் அது பைப்ரோபிளாஸ்ட். எப்பிதீலியல் செல் கூழாங்கல் பதித்த தரை மாதிரி, தீவு தீவாக வரும். சீரத்தைக் குறைத்து, டிஎம்இஎம்-எஃப்12 மீடியத்தில் இன்சுலின், ஹைட்ரோகார்ட்டிசோன், இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் புரதம் சேர்த்துப் பாருங்கள். இன்னொரு தந்திரம், விதைத்த முக்கால் மணி நேரத்தில் மேலே மிதப்பதை எடுத்து வேறு பிளாஸ்கில் மாற்றிவிடுவது. பைப்ரோபிளாஸ்ட் சீக்கிரம் ஒட்டிப் பழைய பிளாஸ்கிலேயே நின்றுவிடும்.

ஸ்கூட்டி டிக்கி! அதை மறந்துவிட்டேன். சித்திரை வெயிலில் டிக்கிக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஆன்டிபயாடிக் சேர்த்த குளிர்ந்த மீடியத்தை நீங்களே ஸ்டெரைல் குழாயில் கொண்டுபோய் ஓ.டி. வாசலில் நில்லுங்கள். சலைனில் உப்பு மட்டும்தான், சாப்பாடு இல்லை. ஐஸ் பெட்டியில் கொண்டு வாருங்கள், ஆனால் மைனஸ் 20 பிரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கைக் குழாயோடு ஒட்டி வைக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படி வைத்து, திசுவின் ஒரு பக்கம் உறைந்துபோய், 2 மாதம் காத்திருந்து கிடைத்த ஒரு நல்ல கட்டியைக் கெடுத்தேன். அந்த சர்ஜன் அதற்கப்புறம் ஒரு வருடம் எனக்குத் திசு தரவில்லை.

அந்தம்மாவின் கேள்விக்கு இப்போது பதில் இல்லை. யோசித்துச் சொல்கிறேன்.

---

ஸ்லைடு பார்ப்பவள்

நான் நோயியல் டாக்டர். திசுவை நர்ஸ் கையிலிருந்து வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். கட்டியின் எந்த ஓரம் எது என்று தையல் போட்டு அனுப்புவார்கள். ஓரத்தில் புற்று இருக்கிறதா என்று மை தடவிப் பார்த்துத்தான் அடுத்த சிகிச்சை முடிவாகும். அதற்கு முன் யாராவது ஒரு துண்டு வெட்டிவிட்டால் நஷ்டம் நோயாளிக்கு. பேத்தாலஜியில் பேசி வையுங்கள், நாங்களே உயிருள்ள பகுதியாகப் பார்த்து வெட்டித் தருவோம். உங்கள் துண்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் துண்டு பார்மலினில் எங்களிடம் இருக்கும், பிறகு ஒப்பிட உதவும்.

ஆபரேஷனுக்கு முன் கீமோ வாங்கியவரா என்றும் கேளுங்கள். வாங்கியிருந்தால் சில கட்டிகளில் நார் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

பிறகு, கூழாங்கல் மாதிரி வந்துவிட்டது என்று குதிக்க வேண்டாம். கெரட்டின் புரதத்துக்கான சாயம் ஏறினால் எப்பிதீலியல் என்று தெரியும், புற்று என்று தெரியாது. பக்கத்திலிருந்த நல்ல மார்பகச் செல்லும் கெரட்டின் காட்டும், புற்றுச் செல்லைவிட நன்றாகவும் வளரும். பைப்ரோபிளாஸ்ட்டில் இருக்கும் வைமென்டின் புரதத்தை மட்டும் நம்பிப் பைப்ரோபிளாஸ்ட் என்றும் முடிவு கட்டாதீர்கள். எப்பிதீலியல் செல்லும் பிளாஸ்குக்கு வந்தால் வைமென்டின் காட்டும்.

உங்கள் இன்குபேட்டரில் ஹீலாவும் எம்.சி.எஃப்-7-உம் இருக்கிறது என்கிறீர்கள். ஒரு துளி தெறித்தாலே போதும். 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் பரிசோதித்துச் சொன்னபோதுதான், வேறு வேறு திசு என்று நம்பி வளர்த்த பல செல் வரிசைகள் உண்மையில் ஹீலா என்று தெரிந்தது. நோயாளியின் ரத்த டி.என்.ஏ.வோடு எஸ்.டி.ஆர். (டி.என்.ஏ. கைரேகை) ஒப்பிடாமல் எதையும் எழுதி அனுப்ப வேண்டாம்.

---

சேலத்துக்காரன்

நான் வாய்ப்புற்றில் இதே வேலை. உங்களுக்குச் செல் சாகிறது, எனக்குப் பூஞ்சை வளர்கிறது. வாயிலிருந்து வரும் திசுவில் பாக்டீரியாவும் கேண்டிடா பூஞ்சையும் சேர்ந்தே வரும். பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின், ஆம்போடெரிசின் மூன்றையும் கூடுதலாகப் போட்டு ஐந்தாறு தடவை கழுவிய பிறகும் மூன்றில் ஒன்று போய்விடுகிறது. மார்பகம் எவ்வளவோ தேவலை.

---

கோபிக்காரி

எல்லோருக்கும் நன்றி. 40 மைக்ரான் வலையில் நின்றதை ஆமாம், குப்பையில்தான் போட்டேன். 3 தடவையும். படித்ததும் கொஞ்ச நேரம் பொடக்காலிப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன். அம்மா வந்து பல்லி விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

ஒரு சந்தேகம் அண்ணா. இவ்வளவு பாடுபட்டும் வராவிட்டால்? எம்.சி.எஃப்-7 எப்படி அவ்வளவு சுலபமாக வளர்கிறது?

---

பெருந்துறையான்

எம்.சி.எஃப்-7 கட்டியை நறுக்கி வந்ததல்ல அம்மணி. மிச்சிகன் கேன்சர் பவுண்டேஷனில் ஒரு நோயாளியின் நுரையீரலைச் சுற்றிக் கோத்த நீரிலிருந்து எடுத்தது, 1973-இல் வெளியானது. நீரில் மிதக்கும் செல்லுக்கு நாரும் இல்லை, நறுக்கலும் இல்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் நீர் எடுக்கிற நோயாளிகள் இருந்தால், அதற்கும் கமிட்டியில் அனுமதி கேட்டு வையுங்கள். சுற்றி எடுத்து, அம்மோனியம் குளோரைடில் சிவப்பணுவை உடைத்துவிட்டு விதைக்க வேண்டியதுதான்.

ஹீலா செல் வரிசையை உருவாக்கிய அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் கை, 1951-க்கு முன்னால் எத்தனையோ வருடம் மனிதத் திசுவை வளர்க்கப் பார்த்துப் பார்த்துத் தோற்றவர். அவருக்கு வளர்ந்தது ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற நோயாளியின் செல். ஆனால் அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. நீங்கள் படித்துக் காட்டிக் கேட்கிறீர்கள், அதனால்தான் உங்கள் நான்காவது திசு அம்மாவுக்குத் திருப்பிக் கேள்வி கேட்க முடிந்தது.

நேற்று எங்கள் மாட்டுக்குச் சினை ஊசி போட டாக்டர் வந்தார். கேனைத் திறந்ததும் புகை வந்தது, மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன். அப்போதுதான் தோன்றியது. அந்தம்மா மாடு வைத்திருந்தால் இதைச் சொல்லுங்கள்: "அந்தக் கேனில் காளையோட வித்தை உசுரோட வெச்சிருக்கற மாதிரிதானுங்க. உங்க கட்டிய வெளிய வெச்சு எந்த மருந்துக்குச் சாகுதுன்னு பார்க்கோணும். செத்ததுகிட்ட மருந்தக் குடுத்தா என்ன தெரியும்? உங்களுக்கே இது உதவுமான்னு சொல்ல முடியாதுங்க, பின்னால வர்றவங்களுக்கு ஆகலாம்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அதைச் சொல்லாமல் ஆசை காட்டினால் கையெழுத்துக்கு அர்த்தமில்லை.

---

கோபிக்காரி (6 வாரம் கழித்து)

ஐந்தாவது திசு. பேத்தாலஜி டாக்டர் வெட்டித் தந்தார், குளிர்ந்த மீடியத்தில் ஐஸ் பெட்டியோடு ஆட்டோவில் வந்தேன், ஆபரேஷன் டேபிளிலிருந்து லேப் ஹூட் (கிருமி புகாத வேலை மேடை) வரை 55 நிமிடம். ராத்திரி முழுக்க கொலாஜினேஸ். காலையில் குழாயின் அடியில் ரவை மாதிரி கொத்துகள். சளி இல்லை!

மூன்று பிளாஸ்கில் விதைத்தேன். ஒன்றில் பூஞ்சை வந்து தூக்கிப் போட்டாயிற்று. ஒன்றில் மறுபடியும் பாவு நூல். மூன்றாவதில் 9-ஆம் நாள் ஒரு ஓரத்தில் கூழாங்கல் தீவு, இப்போது ஏழெட்டுத் தீவு. கெரட்டின் ஏறியது. எஸ்.டி.ஆருக்கு நோயாளியின் ரத்தத்தோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அது வந்த பிறகு உறைய வைக்கலாமா, இன்னும் கொஞ்சம் பெருகட்டுமா?

நான்காவது அம்மா செக்கப்புக்கு வந்திருந்தார். சினை ஊசிக் கதையைச் சொன்னேன். சிரித்தார். "அப்ப என்னுது செத்துப்போச்சா?" என்றார். ஆமாங்க, என்னால காப்பாத்த முடியல என்றேன். "போச்சாது போ, அது சாகறதுதான் எனக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு, சந்தகை பொட்டலத்தில் பாதியை எடுத்துக் கொடுத்தார்.

---

பெருந்துறையான்

ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே கொஞ்சம் உறைய வையுங்கள். உறையும்போது செல்லைக் காக்க 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ, நிமிடத்துக்கு 1 டிகிரி இறங்குகிற டப்பாவில் மைனஸ் 80-இல் ஒரு ராத்திரி, அப்புறம் நைட்ரஜன். திங்கட்கிழமை செய்யலாம் என்று விட்டுவிட்டு, சனிக்கிழமை கரண்ட் போய் இன்குபேட்டரோடு இழந்தவன் நான். அடுத்த திசுவில் விதைக்கும் அன்றே கொத்தில் ஒரு பங்கை உறைய வைத்துவிடுங்கள்.

---

கோபிக்காரி

வைத்துவிட்டேன் அண்ணா. 2 சிறு குப்பி. மேலே தேதியும் திசு எண்ணும் மட்டும் எழுதினேன். பெயர் எழுதக் கூடாது என்பது தெரியும், ஆனாலும் பேனாவை எடுத்ததும் கை அதற்குத்தான் போனது.